நீ பார்த்ததை வந்து சொல்

அன்பு மகன் சூசைக்கு, தங்கச்சிமடத்திலிருந்து அம்மா எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்காள் ரோசம்மாளின் மூத்த மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். சும்மா தேறவில்லை, கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே அவன்தான் முதல். இப்போது ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு ரயிலேறிப் போகிறான். அடுத்தவள் கோவில் பாட்டில் தனிக்குரல் எடுத்துப் பாடுகிறாள். பாஸ்குத் திருநாளில் அவள் பாடியபோது பீடத்தில் நின்ற சாமியார் ஒரு நொடி திரும்பிப் பார்த்தார், நான் கண்ணால் கண்டேன். கடைக்குட்டி உச்சிப்புளிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து நேரே ஐந்துக்குத் தூக்கிப் போடப்பட்டிருக்கிறான். நான் நின்றுபோன வகுப்பில் அவன் ஏழு வயதில் போய் உட்கார்ந்துவிட்டான் பார். உன் மகள் மெட்ராஸில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியதை மணியார்டர் சீட்டில் இரண்டு வரியாக எழுதியிருந்தாய். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ப் படித்துக் காட்டினேன். பேத்தி எதைப் பற்றிப் பேசினாள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. நம் ஊரைப் பற்றி என்று சொல்லிவைத்தேன்.

உன் அக்காள் புருஷன் வீட்டோடு உச்சிப்புளியில் இருக்கிறாள், நீ மெட்ராஸில் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறாய், இங்கே நான் ஒருத்திக்குச் சோறு வடிக்கிறேன். ஒருத்திக்கு அளந்து போட இன்னும் கை பழகவில்லை. மிஞ்சுவதை நீரூற்றி வைத்து மறுநாள் தின்கிறேன். இதை உன் மனம் நோக எழுதவில்லை. ஒரு காரியம் கேட்கப் போகிறேன், அதற்கு முன்னால் நான் எங்கே உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன் என்று உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் ஒட்டமாட்டேன். நம் தெருவில் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத பெண்கள் என்னோடு சேர்த்து ஏழு பேர் இருக்கிறோம் அல்லவா, அவர்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். நான் செய்த தப்பை அவர்களும் என் வாயால் கேட்கவேண்டும்.

சட்டசபையில் ஒரு மசோதா வந்திருக்கிறது. பத்திரிகை அச்சடிக்கிறவன் நீ, எனக்கு முன்னாலேயே அறிந்திருப்பாய். கடலோரப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிற வலைகாரக் குடும்பங்களுக்கு மனைப் பட்டா தருகிறார்களாம். புருஷன் பேரில் பட்டா, அவன் இறந்திருந்தால் பெண்சாதி பேரில். கேட்க நன்றாக இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீசில் தமிழில் ஒட்டியிருந்தார்கள். நான் போய் நின்று எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தேன், மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள்தான் அந்தப் பிரிவு கண்ணில் பட்டது. இறந்தான் என்பதற்கு உடல் கிடைத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கவேண்டும். உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருஷம் காத்திருந்து கோர்ட்டில் உத்தரவு வாங்கவேண்டும். அதுவரை மனை அந்தக் குடும்பத்தின் மற்ற ஆண்கள் பொறுப்பில். எனக்கு இனி என்ன, ஓலைக்குடிசையிலேயே காலம் ஓடிவிட்டது. ஜெசிந்தாவை நினைத்துப் பார். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு இந்தத் தெருவுக்கு வாழவந்தவள். இருபத்திரண்டு வயது, கையில் ஒன்று இடுப்பில் ஒன்று. போன ஆடியில் கச்சான் காற்றில் அவள் புருஷன் போன வள்ளம் திரும்பவில்லை. அது கவிழ்ந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வாய் திறக்கமாட்டார்கள். அவள் கொழுந்தன் இப்போதே வந்து குடிசையைச் சுற்றி நாலு முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறான். இந்தச் சட்டம் இப்படியே நிறைவேறினால் அவள் ஏழு வருஷத்துக்கு எங்கே போய்ப் படுப்பாள்?

மசோதாவை ஆராய்ந்து பார்க்கச் சட்டசபை அங்கத்தினர்களில் சிலரைப் பொறுக்கி ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். ஊர் ஊராக வந்து ஜனங்களைக் கேட்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம். போன மாதம் ராமநாதபுரத்தில் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்தில் படித்தது நான்தான் என்பதால் மற்ற ஆறு பேரையும் நான்தான் கிளப்பினேன். ரயிலில் போகும்போது ஒரே சிரிப்பு. சவேரியம்மாள் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வந்திருந்தாள். “எதுக்குடி இம்புட்டுப் பவுடரு? மந்திரி ஒன்னயப் பொண்ணு பாக்கவா வாராரு?” என்று ஒருத்தி கேட்க, “மந்திரி இல்லடி, கமிட்டி. கமிட்டின்னா பத்துப் பேரு. பத்துல ஒண்ணு தேறாமயா போயிரும்?” என்றாள் அவள். கடற்பாலம் வருகிறவரைக்கும் சிரித்தோம். பாலத்தின் மேல் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, வழக்கம்போல, தண்ணீரைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டோம்.

நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. கரைக்கு உடல் வராதவனை இறந்தான் என்று சொல்லக்கூடாது. அவனுக்குப் பூசை வைப்பதில்லை, ஆத்துமாக்கள் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுவதில்லை, பெண்சாதி தாலி கழற்றுவதில்லை. சொன்னவள் எவளோ அவள்தான் அவனைக் கொன்றவள் என்று பேசுவார்கள். எப்போதோ ஒருவன் ஏழு மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து தோணியேறி வந்தானாம், வந்தவன் தன் பெண்சாதியை வெள்ளைச் சேலையில் பார்த்துத் திரும்பிப் போய்விட்டானாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வாயைக் கட்டினார்கள். நானும் சொல்லி மற்றவர்கள் வாயைக் கட்டியிருக்கிறேன்.

பெரிய மேசை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வயதான தலைவர். ஓரத்தில் கதர்ச்சேலை கட்டிய ஓர் அம்மாள், கமிட்டியில் அவர் ஒருவர்தான் பெண். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள்தான் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருங்களா?”

இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாய் திறந்தது. பின்னால் ஆறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது.

“இல்ல” என்றேன்.

“அப்ப எங்க இருக்கார்?”

“கடலுக்குப் போனாரு. வரல.”

“எத்தனை நாளாச்சு?”

“இருபது வருசம்.”

மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “கூடப் போனவங்க, பாத்தவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“யாருமில்ல” என்றேன்.

சூசை, நீ இருக்கும்போதே யாருமில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் என்னால்தான். நம் ஊரில் மூத்தவள் ஒன்று சொல்லிவிட்டால் அடுத்தவள் மாற்றிச் சொல்வது மரியாதையில்லை. சவேரியம்மாள், “அவ சொன்னதுதான் எனக்கும்” என்றாள். அடுத்தவளும் அதையேதான். ஜெசிந்தா கடைசி. பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “எங்க வீட்டுக்காரரும் வந்துருவாருங்க” என்றாள். குமாஸ்தா எழுதியதைப் படித்துக் காட்டினார்: சாட்சிகள் ஏழு பேரும் தங்கள் கணவர்கள் இறக்கவில்லை என்று கூறுகிறார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “அப்படின்னா எதுக்கும்மா இந்தப் பிரிவை மாத்தணும்?” என்று கேட்டார். கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் வகுப்புப் படித்த கை அன்றைக்கு அதற்குத்தான் உதவியது.

வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாள் வந்து தாமே ஒரு குவளை மொண்டு எனக்குக் கொடுத்தார். “உடல் வேணும்னு அவங்க பிடிவாதமா நிக்கிறாங்கம்மா. உடலுக்குப் பதிலா கண்ணால பாத்தவங்க சாட்சி போதும்னு எழுதணும்னு நான் கேக்கிறேன். அப்படிப் பாத்தவங்க யார் இருக்காங்கன்னு என்னைக் கேக்கிறாங்க. ஒருத்தராவது வந்து சொன்னாத்தான் நான் பேச முடியும்” என்றார். வருகிற மாதம் இரண்டாம் புதன்கிழமை, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரில் இன்னொரு தடவை உட்காருவார்களாம். அதோடு முடிந்தது, மசோதா சபைக்குப் போய்விடும். நான் குவளையைப் பானைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரயிலில் திரும்பும்போது யாரும் சிரிக்கவில்லை.

இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி. நீயும் உன் அய்யாவும் கடலுக்குப் போன மறுநாள் பகலில் மண்டபத்து ஆட்கள் உன்னை மட்டும் தங்கள் வள்ளத்தில் போட்டுக்கொண்டு வந்து கரையில் இறக்கினார்கள். இருபது வயது ஆள், பச்சைப் பிள்ளை மாதிரி நடுங்கினாய். உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. இடுப்பில் பாய்க்கயிறு சுற்றியிருந்தது, முடிச்சு உன் அய்யா போடுகிற முடிச்சு. அதைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பத்தா கஞ்சிச் சட்டியோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அய்யா எங்கிட்ட…” என்று தொடங்கினாய். நான் உன் வாயைப் பொத்தினேன். மெல்ல அல்ல, உள்ளங்கையில் உன் பல் பதிகிற மாதிரி பொத்தினேன். “நீ ஒண்ணும் பாக்கல. அய்யா வேற தோணில ஏறிருப்பாரு. வந்துருவாரு. ஏலே, கேட்டுக்க, நீ ஒண்ணும் பாக்கல” என்றேன். நீ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். அன்றைக்கு மூடிய வாயை நீ இன்றுவரைக்கும் திறக்கவில்லை.

உன் அப்பத்தாவுக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மகன் வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணை மூடினாள், அந்த மட்டுக்கும் சரி. மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன். தாலியோடு இருந்தால் கல்யாண வீட்டில் முன்னால் நிற்கலாம், பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டில் முதலில் தொட்டிலைத் தொடலாம். உன் அக்காள் கல்யாணத்தில் நானே முன்னின்று எல்லாம் செய்தேன். அந்தச் சுகம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு உன் வாய் மூடியிருக்கவேண்டியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நீ வந்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பந்தலில் கடல் தெரியாத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாய். மெட்ராஸ் போனவனுக்குக் கடற்காற்று ஆகவில்லை போல என்று சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

நீ போனதிலிருந்து ஊரில் எனக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. இந்த ஒன்றைப் பேசத்தான் யாருமில்லை. உன் அய்யாவுக்காக அழவேண்டுமென்றால் அவரை இறந்தவர் என்று ஒத்துக்கொள்ளவேண்டும். ஒத்துக்கொண்டவர்கள் உலகத்தில் இரண்டு பேர், நீயும் நானும். நீ அங்கே இருந்தாய், நான் இங்கே இருந்தேன், ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி கடிதம் எழுதிக்கொண்டோம். மழை பெய்ததா, சளி தேவலையா என்று எழுதினோம். இருபது வருஷமாக ஒரு கேள்வி எனக்குள்ளே கிடக்கிறது. அய்யா எங்கிட்ட என்று தொடங்கினாயே, அவர் உன்னிடம் என்ன சொன்னார்? அல்லது எதையாவது கொடுத்தாரா? வலை பின்னும்போது, மீன் உலர்த்தும்போது, கோவிலில் முழங்காலில் நிற்கும்போது, எத்தனையோ விதமாக அந்த வாக்கியத்தை நானே முடித்துப் பார்த்திருக்கிறேன். உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை, நான்தானே பொத்தினேன்.

ராமநாதபுரத்திலிருந்து வந்த மறுநாள் முதல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மண்டபத்துக்கு வாருங்கள், இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுவோம் என்கிறேன். சாட்சி என்று பேர் எழுதினால் போலீஸ் வரும் என்று ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். சவேரியம்மாள் மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள். “ஒனக்கென்னடி, இருபது வருசம் பூ வச்சு முடிச்சிட்ட. இப்ப அறுத்தா என்ன, அறுக்காட்டி என்ன? எங்கள அறுக்கச் சொல்ல வந்துட்டா!” எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. “அதனாலதான் மொதல்ல நான் சொல்றேங்கிறேன். நான் சொன்ன பெறகு ஒனக்கு இஷ்டம்னா சொல்லு, இல்லன்னா ரயிலுக்குப் பவுடர் மட்டும் போட்டுட்டு வா” என்றேன். அவள் திட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜெசிந்தா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. “அத்தே, நீங்க இல்லன்னு சொன்னீக. பெரியவுக சொன்னதுக்கு மாத்திச் சொன்னா நாளைக்கு இந்தத் தெருவுல எனக்கு ஒரு கொடம் தண்ணி மொண்டு குடுப்பாகளா?” என்றாள். கொழுந்தன் அடித்த முளை ஒன்றில்தான் பிள்ளையின் துணியைக் காயப்போட்டிருந்தாள். அவள் வீட்டு வாசலிலேயே முடிவு செய்தேன், உனக்கு எழுதுவது என்று.

சாட்சி சொல்லுவதைப் பற்றி ஒரே ஒரு தடவை போய்த் தோற்றுவந்தவள் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் நம் முகத்தைப் பார்த்து எழுதமாட்டார்கள், நம் வாயில் வந்ததை எழுதுவார்கள். பெருமூச்சை எழுத அவர்களிடம் எழுத்தில்லை. முன்னால் நின்றவர் சொன்னதுதான் எனக்கும் என்று சொல்லாதே, அப்படிச் சொன்னால் ஏழு பேர் போயும் ஒருவர் போனதாகத்தான் ஆகும். எது நடக்கவேண்டும் என்பதை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும், நீ எது நடந்தது என்பதைச் சொல். எந்தக் காற்று, எந்த இடம், எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தாய், கடைசியாக எதைப் பார்த்தாய். குரல் உடைந்தால் நின்றுவிட்டு மறுபடி சொல். ஆண்பிள்ளை அழுதான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் வா, சூசை. உன் அச்சாபீஸ் முதலாளியிடம் தாயாருக்கு ஒரு காரியம் என்று சொல், பொய்யில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி பிடித்தால் மண்டபத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், பாலம் தாண்டி ஊருக்குள் வர மனமில்லையென்றால் வரவேண்டாம், நான் அங்கே வந்து காத்திருப்பேன். அவர் உன்னிடம் சொன்னதை எனக்குத் தனியாக முதலில் சொல்லவேண்டும் என்றும் இல்லை. மேசைக்கு முன்னால் நின்று அவர்களுக்கே சொல். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். உன்னால் வரவே முடியாது, நினைத்தாலே கைகால் ஓடவில்லை என்றால், எழுதி அனுப்பு. தபாலில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்களாம், அந்த அம்மாளிடம் ஆள்விட்டுக் கேட்டேன். எத்தனையோ பேர் பேச்சை எழுத்தாகக் கோர்த்துக் கொடுத்தவன் நீ, இதையும் எழுதிவிடு. இரண்டும் முடியாது என்றாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. வாயைப் பொத்தியவளுக்கு, ஏன் பேசவில்லை என்று கேட்க உரிமையில்லை.

நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் புதன்கிழமை நான் போகிறேன். போன தடவை சொன்னது தப்பு என்று முதலில் சொல்லுவேன். என் புருஷன் இறந்துபோனார் என்று அடுத்தது சொல்லுவேன். சொல்லிப் பழகுகிறேன். கோழி கூப்பிடுகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. நாலாவது தடவை பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொல்லி உன் அய்யாவுக்குப் பூசை வைக்கிறேன், இத்தனை வருஷத்தில் முதல் பூசை. கோவிலில் இறந்தவர் படத்தை வைத்து முன்னால் திரி ஏற்றுவார்கள். உன் அய்யாவுக்குப் படம் கிடையாது, ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அதைவிட இன்னொன்று இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அவர் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. புருவம் தெரிகிறது, சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு மடிப்பு விழும், அது தெரிகிறது, சேர்த்துப் பார்த்தால் முகமாக வரமாட்டேன் என்கிறது. நீ இப்போது அவர் வயதை நெருங்கிவிட்டாய், முகச்சாடையும் அவருடையதுதான். உன்னை மாப்பிள்ளைக் கோலத்தில் எடுத்த படம்தான் என்னிடம் இருக்கிறது, அதில் நீ பையன். நீ புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. தலையைப் படிய வாராதே, கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடு, முடிந்தால் கொஞ்சம் சிரி.

உன் அம்மா